ஆண்கள் அடுக்கிலிருந்து ஒரு ஜோடி

ஒரு பெண்ணின் பாதம் எவ்வளவு அகலம் இருக்கலாம் என்பதைக் காலணி செய்பவர்கள் எப்போதோ கூடித் தீர்மானித்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பாதம் உள்ள பெண் ஒருத்தியைக்கூட அழைக்கவில்லை. அழைத்திருந்தால் மாஸ்டரம்மா தன் கால்விரல்களை அகல விரித்து நின்று காட்டியிருப்பாள். தீர்மானம் அங்கேயே தோற்றிருக்கும்.

மாஸ்டரம்மா என்பது தையற்கூடம் அவளுக்குக் கொடுத்த பெயர். துணி வெட்டும் நீண்ட மேசைக்கு அவளே தலைவி. காலையில் கத்தரிக்கோலை எடுத்தால் மாலையில்தான் வைப்பாள்; அதுவரை நின்றே வேலை. ஆண்டுக்கணக்கில் நின்றதில் பாதத்தின் முன்பகுதி விசிறியைப் போல விரிந்துவிட்டது. வயர்மேன் வேலை பார்க்கும் அவள் கணவன் அந்தக் கால்களுக்குத் துடுப்பு என்று செல்லப்பெயர் சூட்டியிருந்தான். வெள்ளம் வந்தால் தன் குடும்பத்துக்குப் படகு தேவையில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவான். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் அந்த ஆண்டு, அந்தத் துடுப்புகளை நம்பி ஒரு பெரிய காரியம் காத்திருந்தது.

ஊருக்குப் பின்னால் ஒரு மலை. ஏறி, முகட்டைக் கடந்து, மறுபுறம் இறங்கும் நெடுநடை ஒன்றை நடைச் சங்கம் ஆண்டுதோறும் நடத்திவந்தது. ஆண்கள் நடப்பார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் வேனில் மலையைச் சுற்றிப் போய், மறுபுற அடிவாரத்தில் சோற்றுப் பாத்திரங்களோடு காத்திருப்பார்கள். மலை என்ன, ஆண்களுக்கு மட்டும் பட்டா எழுதிக் கொடுத்த நிலமா? யாரும் கேட்டதில்லை. யாரும் கேட்காததால் யாரும் பதில் சொல்லவும் நேர்ந்ததில்லை. சங்கத்தின் பொதுக்கூட்டத்தில், பாத்திரம் கழுவும் வரிசையிலிருந்து எழுந்து வந்து, கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டே மாஸ்டரம்மா கேட்டாள்.

சங்கத்தின் செயலாளர் வேறு யாருமல்லர், அவள் கணவனின் அண்ணன்தான். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. பழகிப்போன மனிதர், பழக்கத்தை நியாயம் என்று நம்பிவிட்ட மனிதர். சபை நடுவே இல்லையென்று சொல்ல நாக்கு எழவில்லை, ஆமென்று சொல்ல மனம் வரவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையை எடுத்துப் போட்டார்.

"ஒருத்தி முழுசா நடந்து காட்டட்டும். அடுத்த வருஷத்துலேர்ந்து எல்லாப் பொம்பளைங்களையும் சேர்த்துக்கறோம். நடுவுல நின்னுட்டா, இந்தப் பேச்சை யாரும் இனிமே எடுக்கக் கூடாது. சம்மதமாம்மா?"

அவள் சம்மதம் என்றாள். தானே அந்த ஒருத்தி என்றும் சொன்னாள். ஊரிலுள்ள அத்தனை பெண்களின் வழியும் அந்த நொடியில் அவளுடைய இரண்டு பாதங்களின்மீது வந்து உட்கார்ந்தது.

முதல் பயிற்சி நடைக்குச் சங்கமே பூட்ஸ் கொடுத்தது. தடித்த அடி, உயர்ந்த குதி, கணுக்காலைப் பிடித்துக் கட்டும் தோல், கூம்பிய முனை. ஏறும்போது பொறுத்துக்கொண்டாள். இறங்கும்போது விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முனையில் முட்டின, நகங்கள் கறுத்தன. பாதி இறக்கத்தில் பூட்ஸைக் கழற்றி, நாடாவை முடிந்து கழுத்தில் தொங்கவிட்டு, வெறுங்காலோடு நடந்தாள். அங்கேதான் ஒன்றைக் கவனித்தாள். பூட்ஸோடு வழுக்கிய அதே சரளையில் வெறுங்கால் வழுக்கவில்லை. விரல்கள் விரிந்து தரையைப் பற்றின. எந்தக் கல் ஆடும், எந்தக் கல் ஆடாது என்பது பாதத்துக்கே தெரிந்தது. ஆனால் கூரிய கல்லொன்று உள்ளங்காலைக் கிழித்து ரத்தம் வந்ததும் உண்மை. காலணி அணிந்து நடந்ததுதான் நடை, அது சங்கத்தின் விதி என்று செயலாளர் நினைவூட்டியதும் உண்மை.

தனக்கு வேண்டியது இன்னதென்று அன்றே அவளுக்குத் தெளிவாயிற்று. அடி மெல்லியதாக இருக்க வேண்டும்; தரை காலோடு பேச வேண்டும். குதியும் முனையும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். விரல்கள் விரிய இடம் வேண்டும். அதே சமயம் பாறை உரசினால் கிழியாத உறுதி வேண்டும். சுருங்கச் சொன்னால், தன் தோலுக்கு மேலே இன்னொரு தோல்.

கடையில் எழுதியிருக்கும் சைஸ் எண்ணை அவள் நம்பவில்லை. எண்ணை நம்பித் துணி வெட்டுகிறவள் இல்லையே அவள்! ஒரு காலை நேரம், பழுப்புக் காகிதத்தை விரித்து அதன்மேல் நின்று, குனிந்து, பாதத்தைச் சுற்றித் தையல் சாக்பீஸால் கோடு இழுத்தாள். வெட்டி எடுத்த காகிதப் பாதத்தோடு கடைக்குப் போனாள். ஷூவுக்குள் கிடக்கும் மெத்தையை வெளியே உருவி, அதன்மேல் காகிதத்தை வைத்துப் பார்த்தால் போதும். அகலம் பொய் சொல்லாது. பெண்கள் பகுதியில் ஒரே ஒரு ஜோடி அந்தக் காகிதத்துக்குச் சரியாக, அச்சில் வார்த்ததுபோலப் பொருந்தியது. அடி மெல்லிசு, குதி மட்டம். அவள் பூரித்துப்போய் வாங்கி வந்தாள்.

அடுத்த பயிற்சி நடையில், மலையின் முதல் திருப்பத்துக்கு முன்பே சுண்டுவிரல் எரிந்தது. இரண்டாவது திருப்பத்தில் நெருப்பாய்க் காந்தியது. அவள் நொண்டிக்கொண்டே வீடு திரும்பியதைத் தெருவே பார்த்தது.

வயர்மேன் வெந்நீர் வைத்துக் கொடுத்தான். கிண்டல் செய்யவில்லை, அதுவே நிலைமை மோசம் என்பதற்கு அடையாளம். விட்டுவிடு, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று மெதுவாகச் சொன்னான்.

"அடுத்த வருஷம்னு ஒண்ணு எங்களுக்குக் கிடையாதுங்க. உங்க அண்ணன் போட்ட நிபந்தனை மறந்துபோச்சா?" என்றாள் அவள், காலை வெந்நீரில் வைத்தபடி.

மறுநாள் மாலை, வேலை முடிந்த மேசைமீது அந்த ஷூவைக் கிடத்தித் தையலைப் பிரிக்கப் பார்த்தாள். இறுக்கமான உடுப்பென்றால் பிரித்து, உள்ளே மடித்து விட்ட துணியைக் கொஞ்சம் தளர்த்தித் தைத்துவிடலாம். ஷூவில் அப்படி எதுவும் விட்டிருக்கவில்லை. ஓரத்தோடு ஓரம் ஒட்டி முடித்திருந்தார்கள். கத்தி முனையோடு அவள் விழித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய ஓரகத்தி உள்ளே வந்தாள்.

ஓரகத்தி செயலாளரின் மனைவி, மருத்துவமனையில் நர்ஸ். பகலெல்லாம் வார்டில் ஓடிவிட்டு, கையில் தன் சீருடைச் சட்டையைச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தாள். வந்ததும் வராததுமாகச் சண்டைக்கு நின்றாள்.

"என்னடி தச்சு வச்சிருக்கே? கையைத் தூக்கினா மூச்சு முட்டுது. பேஷன்ட்டுக்கு ஆக்சிஜன் வைக்கப் போனா எனக்கே வைக்கணும் போலிருக்கு."

"அளவு சரியாத்தான் எடுத்தேன்க்கா. கோட்டுக்கு உள்ளே வெட்டினதுல கொஞ்சம் பிடிக்கும். இங்க பொம்பளைங்க துணின்னா உள்ளேதானே..."

மாஸ்டரம்மாவின் பேச்சு அந்த இடத்தில் நின்றது.

அந்தத் தையற்கூடத்தின் வழக்கம் அது. ஆண்களின் உடுப்பைச் சாக்பீஸ் கோட்டுக்கு வெளியே வெட்டுவார்கள். அவர்கள் உட்கார வேண்டும், குனிய வேண்டும், கையை வீச வேண்டும். பெண்களின் உடுப்பைக் கோட்டுக்கு உள்ளே வெட்டுவார்கள். அவர்கள் ஒல்லியாகத் தெரிய வேண்டும். மூச்சு விட வேண்டுமா என்று எவரும் கேட்டதில்லை. முதலாளி வைத்த வழக்கம், அவருக்கு முந்திய முதலாளி வைத்த வழக்கம். மாஸ்டரம்மாவின் விரல்களுக்கு அது சொல்லித் தர வேண்டாத பாடமாகிவிட்டிருந்தது. பெண் அளவு என்று மனம் சொன்னால் போதும், கத்தரிக்கோல் தானே கோட்டுக்கு உள்ளே இறங்கிவிடும்.

அவள் மேசை இழுப்பறையிலிருந்து காகிதப் பாதத்தை எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள். சுற்றிலும் பாதம் வெளியே வழிந்தது. சுண்டுவிரல் முழுதாகக் காகிதத்துக்கு வெளியே, சிமென்டுத் தரையில் கிடந்தது.

எவனோ ஒரு காலணிக்காரன் தன் பாதத்தைக் குறுக்கிவிட்டான் என்று நேற்று முழுதும் சபித்துக்கொண்டிருந்தாளே! குறுக்கியவள் அவளே. தன் சொந்தக் கால், தன் சொந்தக் கத்தரிக்கோல். கண்ணெதிரே உள்ள கால் சொன்னதைக் கை கேட்கவில்லை. எங்கோ எவரோ வைத்த வழக்கம் சொன்னதைக் கேட்டது. அடிமைத்தனம் என்பது வாசலில் நின்று அதிகாரம் செய்வது மட்டுமா? விரல் நுனியில் குடியேறி, நம்மைக் கொண்டே நம்மை வெட்டவைப்பதும் அதுதான்.

விஷயம் விளங்கியதும் ஓரகத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவளுக்குள் இருந்த நர்ஸ் விழித்துக்கொண்டாள். காலையில் எழுந்த கையோடு அளந்தது அடுத்த தப்பு என்றாள்; மாலையில்தான் கால் வீங்கிப் பரந்திருக்கும், மலையில் நடக்கும் காலும் அதே கால்தான். தானே குனிந்து வரைந்தது மூன்றாவது தப்பு. குனிந்தால் பாரம் ஒரு பக்கம் சாயும். மலையில் சுமக்கப்போகும் பாரத்துக்காகத் துணிக்கட்டை ஒரு பையில் திணித்து மாஸ்டரம்மாவின் முதுகில் மாட்டினாள். புதுக் காகிதம் விரித்து, தானே மண்டியிட்டு, பேனாவைச் செங்குத்தாகப் பிடித்து வரைந்தாள். கோட்டுக்கு வெளியே, ஆண்பிள்ளை உடுப்பு வெட்டுவதுபோல, மாஸ்டரம்மா வெட்டினாள்.

"இவ்வளவு பெரிய காலை வச்சுக்கிட்டு இத்தனை நாள் எங்கடி ஒளிச்சு வச்சிருந்தே?" என்று கேட்டுவிட்டு, ஓரகத்தி அந்தக் காகிதத்தைச் சிறிது நேரம் கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடையில் பெண்கள் அடுக்கு முழுவதையும் அந்தக் காகிதம் தள்ளுபடி செய்தது. எந்த மெத்தைமேல் வைத்தாலும் இருபுறமும் வெளியே நீண்டது. இதற்கு மேல் அகலம் பெண்களுக்கு வருவதில்லை என்று கடைக்காரர் பணிவாகச் சொன்னார். மாஸ்டரம்மா எதிர் அடுக்குக்கு நடந்தாள்.

"அம்மா, அது ஆம்பளைங்க ஷூ."

அவள் ஒன்றை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "அப்படியா? மீசையைக் காணோமே" என்றாள்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு தடுக்க முடியாது அல்லவா. பெட்டிகளை இறக்கத் தொடங்கினார்.

மெல்லிய அடியும் மட்டமான குதியும் அகன்ற முனையும் கொண்டவை இரண்டே வகை இருந்தன. ஒன்று இறகுபோல் லேசு, எல்லாவற்றிலும் அகலம். காகிதம் அதற்குள் நீந்தியது. கடைக்காரர் அதைத்தான் புகழ்ந்தார். மாஸ்டரம்மா மேல்துணியைக் குறுக்கே இழுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கொசுவலைபோல் கண் கண்ணாகத் திறந்தது. முனையில் தையலே இல்லை, வெறும் பசை. வீட்டுக்குள் நடக்க நல்லது, முள்ளில் ஒரு நாள் தாங்காது என்று ஒதுக்கிவைத்தாள். மற்றது சற்றுக் கனம், களிமண் நிறம். நெசவு நெருக்கம். விரல் பகுதியைச் சுற்றி ரப்பர் ஏறி வந்து, இரட்டைத் தையலில் முடிந்திருந்தது. அடியில் பள்ளமும் மேடுமாக நல்ல பிடிப்பு. உருட்டினாள், பாய்போலச் சுருண்டது. முறுக்கினாள், துணிபோல முறுகியது. நகத்தால் தையலை நெம்பினாள், ஓர் இழையும் அசையவில்லை. காகிதம் மெத்தைமேல் சுகமாகப் படுத்தது. விரல்களுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் மிச்சமிருந்தது. முதுகில் பையோடு போட்டுக்கொண்டு கடையின் மாடிப்படியில் ஏறி இறங்கினாள். இறங்கும்போது விரல் முனையில் இடிக்கவில்லை; குதிகால் ஆடவில்லை. அதை வாங்கினாள்.

செய்தி செயலாளர் காதுக்குப் போகாமலா இருக்கும்? அன்று மாலையே தம்பி வீட்டுக்கு வந்தார். கூடத்தில் நின்றபடி, செருப்பு அலமாரியில் இருந்த களிமண் நிற ஜோடியை ஒரு சாட்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஆம்பளை ஷூவைப் போட்டுக்கிட்டு நடந்தா, பொம்பளை நடந்ததா எப்படிம்மா எடுத்துக்கறது?"

"காலு என்னுது அத்தான். வேணும்னா ஷூவை மட்டும் தனியா அனுப்பிப் பாருங்க, போகுதான்னு."

வயர்மேன் அவசரமாகத் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குள் போனான். அங்கிருந்து ஒரு செருமல் கேட்டது. அது இருமல் இல்லையென்பது அண்ணனுக்கும் தெரியும். காலணி கட்டாயம் என்று சொல்லும் விதி, யாருடைய காலணி என்று சொல்லவில்லை என்பதை அவள் பொறுமையாக எடுத்துக் காட்டினாள். அவர் விதியை மதிக்கிறவர். தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்.

மெல்லிய அடிக்குக் கெண்டைக்கால் பழக வேண்டும் என்று ஓரகத்தி எச்சரித்திருந்தாள். முதலில் வீட்டு மாடிப்படி, பிறகு தையற்கூடம் வரையிலான தெரு, பிறகு ஆற்றோரச் சரளை, பிறகு மலையின் கீழ்த்திருப்பம். கெண்டைச்சதை வலித்த நாளில் ஓய்ந்தாள். வலி தணிந்த நாளில் மீண்டும் இறங்கினாள். நடை நாளும் வந்தது.

ஏற்றம் அவளை ஒன்றும் செய்யவில்லை. ஈரப் புல்லைத் தாண்டினாள், பாறைப் படிகளைத் தாண்டினாள், முகட்டில் காற்று முகத்தில் அறைந்தபோது மற்றவர்களோடு சரிசமமாக நின்றாள். தவறு இறக்கத்தில்தான் நேர்ந்தது. தடித்த பூட்ஸுக்காரர்கள் சரளையில் தொப்தொப்பென்று எட்டிப் போட்டு இறங்குவதைப் பார்த்து, பின்தங்கக் கூடாதே என்று அவளும் எட்டிப் போட்டாள். கூரிய கல்லொன்று உள்ளங்கால் வளைவில் அவளுடைய முழுப் பாரத்தோடும் அழுந்தியது. ஷூ கிழியவில்லை, உள்ளே கால் நொந்துவிட்டது. கண்ணில் நீர் முட்ட ஒரு பாறையில் உட்கார்ந்தாள்.

கடைசி ஆளுக்குப் பின்னால் வருவது செயலாளரின் முறை. அவர் வந்து நின்றார். அருகில் ஒரு வண்டிப் பாதை மலைச்சரிவை வெட்டிக்கொண்டு போனது. குத்தலாக அல்ல, உண்மையான கரிசனத்தோடுதான் அவர் கேட்டார்.

"வேன் இதுவரைக்கும் வரும்மா. கூப்பிடட்டுமா?"

எதிரியின் ஏளனத்தைத் தாங்கலாம். உறவின் கரிசனத்தை எதிர்த்து நிற்பதுதான் கடினம். ஒரு சொல் போதும். வேன் வந்துவிடும், வலி நின்றுவிடும். கூடவே அத்தனை பெண்களின் பேச்சும் நின்றுவிடும். அவள் நாடாவை அவிழ்த்தாள். விரல் பக்கம் தளர்த்தி, கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டினாள். எழுந்தாள்.

"வேண்டாம் அத்தான். நான் மெதுவா வரேன். நீங்க அவசரப்படுத்தாம வந்தாப் போதும்."

இப்போது அவள் எவருடைய நடையையும் பார்க்கவில்லை. குட்டிக் குட்டி அடிகள். ஒவ்வொரு அடியிலும் முதலில் விரல்கள் தரையை விசாரித்தன, பிறகு பாரம் இறங்கியது. ஆடும் கல்லைக் கால் ஒதுக்கியது. ஆடாத கல்லைப் பற்றியது. நொந்த இடம் ஒவ்வொரு முறையும் முனகியது. அவள் அதைக் கேட்டுக்கொண்டே நடந்தாள். முன்னால் போனவர்களின் சத்தம் ஓய்ந்தது. பின்னால் செயலாளரின் பூட்ஸ் இரண்டு முறை சறுக்கியது; மூன்றாவது முறை சறுக்குமுன், அவள் கால் வைத்த கற்களிலேயே அவரும் கால் வைக்கத் தொடங்கியிருந்தார்.

அடிவாரத்தில் நிழல் நீண்டிருந்தது. முந்தி வந்த ஆண்கள் கை கழுவிக் காத்திருந்தார்கள். பெண்கள் பாத்திரங்களின் பின்னால் வரிசையாக நின்றார்கள். மாஸ்டரம்மா கடைசிச் சரிவில் தெரிந்தபோது எவரும் கூவவில்லை, கை தட்டவில்லை. அவள் வேலிக்கம்பத்தைக் கடந்து சமதரையில் கால் வைக்கும்வரை எல்லோரும் அவள் காலையே பார்த்தார்கள். வைத்தாள்.

செயலாளர் தொப்பியைக் கழற்றினார். நெற்றியைத் துடைத்தார். சொன்ன சொல்லிலிருந்து நழுவுகிறவர் அல்லர் அவர். அந்த அளவுக்கு நேர்மை அவரிடம் இருந்தது. நிபந்தனை நிறைவேறியது, அடுத்த ஆண்டு நடையில் பெண்களும் சேரலாம், விருப்பமுள்ளவர்கள் இப்போதே பெயர் கொடுக்கலாம் என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார்.

ஒருத்தியும் பெயர் கொடுக்க முன்வரவில்லை. கதவு திறந்துவிட்டது, ஆனால் காலங்காலமாக மூடியிருந்த கதவின் முன்னால் நிற்பவர்களுக்கு, அது திறந்ததும் நடக்க வேண்டும் என்பது உடனே தோன்றுமா? ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"என்னை எழுதிக்குங்க" என்று ஒரு குரல் வந்தது.

"யாரது?" என்றார் செயலாளர், கூட்டத்தைத் தேடியபடி.

"உங்க பொண்டாட்டிதான்" என்றாள் ஓரகத்தி.

சிரிப்பு எழுந்து அடங்கியது. செயலாளர் மனைவியைப் பார்த்தார், பிறகு அவளுக்கு முன்னால் ஆவி பறக்கும் பாத்திரத்தைப் பார்த்தார். நெடுநேரம் நடந்த மனிதர், பசியில் இருந்தார். அவருக்கு உடனே தோன்றியதை உடனே கேட்டுவிட்டார்.

"அப்போ சாப்பாடு?"

அவள் இடுப்பில் செருகியிருந்த துணியை உருவி, கையைத் துடைத்துக்கொண்டு, பாத்திரத்தின் பின்னாலிருந்து இந்தப் பக்கம் வந்துவிட்டாள்.

"அது அங்கதான் இருக்கு. கரண்டியும் பக்கத்துலதான் இருக்கு."

முதலில் அசைந்தவன் வயர்மேன். போய்க் கரண்டியை எடுத்தான். அவனுக்கு அடுத்து, கொஞ்சம் தயங்கி, தொப்பியை ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டு, செயலாளர் தட்டுகளை எடுத்தார். அதற்குள் பெயர் கொடுக்க இன்னொருத்தி வந்து நின்றாள். அவள் பின்னால் இன்னும் இருவர்.